பதினேழாம் தொட்டியின் கிழடுகள்

ஆராய்ச்சிக்கூடத்தின் அடித்தளத்தில் பத்தொன்பது வருடமாக மீன் வளர்த்தவரை எல்லோரும் மீனண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவர் வளர்த்தது விரல் நீளம்கூட வராத வரிக்குதிரை மீன். அதன் முட்டை கண்ணாடி மாதிரி. உள்ளே இதயம் உருவாகித் துடிப்பதை நுண்ணோக்கியில் அப்படியே பார்க்கலாம். மாடியிலிருந்த பேராசிரியர் பார்த்துப் பார்த்தே பெரிய மனிதராகிவிட்டார்.

பதினேழாம் தொட்டிதான் பேராசிரியரின் உயிர். அந்த மீன்களுக்கு வெளியே ஒரு குறையும் தெரியாது. ஆனால் அவற்றுக்குப் பிறக்கும் குஞ்சுகளில் கால்வாசிக்கு இதயத்தில் வால்வு உருவாகாது. இப்படியொரு வம்சம் வேறெங்கும் இல்லை என்று போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு வயதான மீனை ஐஸ் தண்ணீரில் போட்டுவிட்டு, பதிவேட்டில் ‘வயது முதிர்ந்தது, நீக்கப்பட்டது’ என்று எழுத வேண்டும் என்பது விதி. மீனண்ணன் எழுதுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஐஸில் போடத்தான் மனசு வரவில்லை. முட்டையிலிருந்து வளர்த்தவை, அவர் சட்டையைக் கண்டாலே கண்ணாடிப் பக்கம் ஓடி வருபவை. பம்புக்குப் பின்னால் சீட்டு ஒட்டாத ஒரு தொட்டியில் அவற்றை ஒளித்து வைத்திருந்தார்.

அப்போதுதான் தானே தீனி போடும் இயந்திரம் வந்தது. அது லீவு கேட்காது, டீ குடிக்காது என்று பேராசிரியர் பூரித்துப்போனார். மறுநாளே மீனண்ணன் கைக்கு ஒரு கடிதம். ‘வயது முதிர்ந்ததால் மாத முடிவில் நீக்கப்படுகிறார்.’ வார்த்தையையாவது மாற்றிப் போட்டிருக்கலாம். அந்தச் சிரமமும் எதற்கு என்று விட்டுவிட்டார்கள்.

“இருபது வருஷம் முடிஞ்சாத்தானே பென்ஷன்? இன்னும் ஒரே வருஷம்ங்க!” என்று மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்து மூன்று நாள் விடுமுறை வந்தது. லீவு கேட்காத இயந்திரம் மூடி சிக்கிக்கொண்டு, ஒரு மாதத் தீனியையும் பதினேழாம் தொட்டியில் ஒரேயடியாகக் கொட்டியது. திறந்து பார்த்தபோது தண்ணீர் நாறியது. ஒரு மீன் மிச்சமில்லை.

இத்தனை வருடமும் “ஏம்ப்பா” என்று கூப்பிட்ட பேராசிரியர் அன்றைக்குத்தான், “எல்லாம் போச்சு அண்ணே!” என்றார்.

மீனண்ணன் அவரைப் பம்புக்குப் பின்னால் கூட்டிப்போனார். “பழைய பதினேழாம் தொட்டி மீனுங்க சார். ஆணு நாலு, பொண்ணு அஞ்சு.”

பேராசிரியர், விதியை மீறியதற்குத் திட்ட வாயைத் திறந்தார். நல்லவேளை, மூடிக்கொண்டார்.

சாயங்காலம் ஆணையும் பெண்ணையும் தடுப்பு வைத்துப் பிரித்து, காலையில் விளக்கெரிந்ததும் தடுப்பை எடுத்தார் மீனண்ணன். ஒரு முட்டைகூட இல்லை. மறுநாளும் இல்லை.

“கிழடுங்க. இனிமே எங்க போடப்போகுது?” என்றார் பேராசிரியர்.

“வயசானதுங்க சார், கொஞ்சம் நிதானமாத்தான் செய்யும்” என்றார் மீனண்ணன். இவை முட்டை போடாவிட்டால் தன் கதையும் முடிந்தது என்று அவருக்குத் தெரியும்.

மூன்றாம் காலை, போட்ட முட்டையை மீன்களே தின்றுவிடாமல் வைத்திருந்த சல்லடைக்குக் கீழே முப்பத்தாறு முட்டை கிடந்தது. இன்னும் மூன்று நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒன்பது குஞ்சுக்கு இரத்தம் முன்னே போய்ப் பின்னே வந்தது. வால்வு இல்லை! பேராசிரியர் துள்ளிக் குதித்தார். ஒன்பது இதயம் கெட்டதற்கு இப்படி ஆனந்தப்படுகிறாரே என்று நினைத்த மீனண்ணனுக்கும் சந்தோஷம்தான் பொங்கியது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

“உங்க வேலையைக் காப்பாத்த கிழட்டு மீன் முட்டை போட வேண்டியிருக்கு” என்றாள் மனைவி. ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சிரித்தார்கள்.

பேராசிரியரே எழுதிக் கையெழுத்துப் போட்ட புது உத்தரவு வந்தது: ‘வயது முதிர்ந்தவர். எனினும் இன்னும் பயன்படுவதால் ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது.’

மீனண்ணன் இரண்டு முறை படித்தார். பிறகு சீட்டும் பேனாவும் எடுத்து, பம்புக்குப் பின்னாலிருந்த தொட்டிக்கு முதல் முறையாகப் பெயர் எழுதி ஒட்டினார்: ‘வயது முதிர்ந்தவை. எனினும் இன்னும் பயன்படுகின்றன.’

மறுநாள் பேராசிரியர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். “என்ன அண்ணே, மரியாதையே இல்லாம எழுதியிருக்கு? யாரு எழுதினது?”

“நீங்கதான் சார்” என்றார் மீனண்ணன்.