இரண்டு பேர் சங்கம்

நேற்று நகராட்சி அலுவலகம் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். வாசலில் இருக்கும் கொடிக்கம்பத்துக்கு ஒருவர் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஆட்சி மாறியிருக்கிறது அல்லவா, கம்பத்துக்கும் நிறம் மாற வேண்டும். அந்த எனாமல் வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. எனக்கு அது ஒத்துக்கொள்ளாது. மூச்சு முட்டுகிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். காரணம் வேறு.

ஒரு காலத்தில் நான் இதே நகராட்சியில் தண்ணீர் திறந்துவிடும் ஆளாக இருந்தேன். தெருமுனையில் ஒரு குழி, அதற்குள் வால்வு, அதைத் திருப்ப ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் போனாலே பெண்கள் குடத்தோடு வெளியே வந்துவிடுவார்கள். "இன்னா தண்ணிக்காரரே, இன்னிக்காவது ஜாஸ்தி நேரம் வுடுவீங்களா?" என்று கேட்பார்கள். நான் குழியைப் பார்த்தபடியே பதில் சொல்வேன். யார் முகத்தையும் பார்த்துப் பேச எனக்கு வராது, இன்றைக்கும் அப்படித்தான். பௌர்ணமி கிரிவலம் என்றால் கூட்டத்துக்கு இரவெல்லாம் தண்ணீர் விட வேண்டும், வீட்டுக்குப் போக முடியாது. கையில் ஏறிய இரும்பு வாசனை சோறு பிசையும்போதும் கூடவே இருக்கும். இத்தனைக்கும் நாங்கள் எல்லாரும் தினக்கூலி. எங்களை நகராட்சி ஆள் என்று ஊர் சொல்லும், நகராட்சி சொல்லாது.

எங்கள் சங்கத்துக்குத் தலைவர் தட்சிணாமூர்த்தி அண்ணன். அவரும் வால்வு திருப்புகிறவர்தான். மேடையில் ஏறினால் நாலு வார்த்தைக்கு ஒருமுறை துண்டால் வாய் துடைப்பார். ஆனால் விடாக்கண்டர். பல வருடம் அலைந்து, பழைய ஆட்கள் எல்லாரையும் நிரந்தரம் ஆக்குவதாக அலுவலகத்தை எங்கள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட வைத்தார். மேலிடத்து உத்தரவு மட்டும் பாக்கி. எங்களைவிட அவருக்குத்தான் அவசரம். நிரந்தரம் செய்வதற்கு வயது வரம்பு உண்டு, அவர் அதன் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். தாண்டிவிட்டால் அத்தனை வருட உழைப்பும் கணக்கில் வராது. அந்த நேரம் பார்த்துத் தேர்தல் அறிவித்தார்கள். உத்தரவு நின்றது. தேர்தலில் ஆட்சியும் மாறியது.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் கட்சி ஆள்கிறதோ அந்தக் கட்சியின் சங்கம். முடிவு வந்த மறுநாள் காலையில் வாசலில் ஏணி வந்துவிடும், பெயின்ட் டப்பா வந்துவிடும், லட்டு வந்துவிடும். பழைய கொடிக்குக் கீழே கோஷம் போட்டவர்களே புதுக் கொடிக்குக் கீழே நிற்பார்கள். அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது, மழை வந்தால் ஒதுங்குவது மாதிரிதான். அந்த முறை அண்ணன் மட்டும் குறுக்கே நின்றார்.

"ஒப்பந்தம் இந்த சங்கத்தோட போட்டதுடா. இத வுட்டுட்டுப் போனா அது யாருக்கு செல்லும்?"

எங்களில் வாய்த்துடுக்கானவன் குமரேசன். "பழைய கொடிய புடிச்சிகினு நின்னா புது ஆளுங்க குடுப்பாங்களாண்ணே? பேனா இப்ப அவங்க கைலதான கீது" என்றான். எல்லாருக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. வரிசையில் நின்று புதுச் சங்கத்துப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் போடவில்லை. இதில் வீரம் ஒன்றும் இல்லை. கூட்டத்தில் புகுந்து, மேசைக்கு முன்னால் நின்று, சத்தமாகப் பெயர் சொல்ல வெட்கம். கூட்டம் குறையட்டும் என்று வேப்பமரத்தடியில் ஒதுங்கியிருந்தேன். குறைந்தபோது அண்ணன் வந்து என் தோளில் கை போட்டு, "நீ ஒருத்தனாவது நின்னியேடா" என்றார். அதற்குமேல் எப்படிப் போவது? அன்றைக்கே நான் சங்கத்துச் செயலாளர், பொருளாளர் இரண்டும் ஆனேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு ஒரே நாளில் இரண்டு பதவி.

வேங்கிக்காலில் இருந்த தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனோம். அதிகாரி நல்ல மனிதர், உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. படித்துப் பார்த்துவிட்டு, சங்கத்தில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நாங்க ரெண்டு பேர் சார்."

அவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்கிற பக்கம் ஆள் இல்லாமல் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட முடியாது, போனவர்களைத் திருப்பிக் கூட்டி வாருங்கள் என்றார். இதற்குள் புதுச் சங்கம் நகராட்சி அலுவலகத்துக்குப் போய், அது போன ஆட்சியின் சமாச்சாரம், நாங்கள் முதலிலிருந்து பேசிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டது. அலுவலகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரே சைக்கிளில் வீடு வீடாகப் போனோம். எல்லா வீட்டிலும் டீ கொடுத்தார்கள், யாரும் வரவில்லை. குமரேசன் தெருமுனை வரைக்கும் கூடவே வந்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

"கோச்சிக்காதண்ணே. அடுத்த வாட்டி ஆட்சி மாறட்டும், மொத்தமா உன்கிட்டயே வந்துடறோம்."

"அதுக்குள்ள எனக்கு வயசு தாண்டிடும்டா" என்று அண்ணன் சிரித்தார். அவனும் சிரித்தான். திரும்பும்போது நான் கேரியரில் உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

புதுச் சங்கத்தின் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. அது முடிவதற்குள் தண்ணீர் வேலையைத் தூக்கி ஒரு காண்டிராக்டரிடம் கொடுத்துவிட்டார்கள். நாங்கள் காண்டிராக்டரின் ஆட்களானோம். அண்ணனுக்கு வயது தாண்டியது. சின்னப் பசங்க போதும் என்று காண்டிராக்டர் சொல்லிவிட, அவர் இரும்புச் சாவியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கீழ்பென்னாத்தூரில் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொள்ளப் போனார்.

குமரேசன் சொன்ன சொல் தவறாதவன். மறுபடி ஆட்சி மாறியதும் வேன் பிடித்து எல்லாரையும் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப் போனான். பழைய கொடி, மாலை, லட்டு எல்லாம் இருந்தது. அண்ணன் களத்தில் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் சொன்னதை எல்லாம் கேட்டார்.

"சரி, வந்துட்டீங்க. இப்ப யார்கிட்ட போய் கேக்கறது? நீங்கல்லாம் இப்ப யாரு ஆளுங்க?"

குமரேசன் கையிலிருந்த கொடியைச் சுருட்டத் தொடங்கினான். அண்ணன் தன் மனைவியைக் கூப்பிட்டு எல்லாருக்கும் கடலை வேகவைக்கச் சொன்னார். தின்றுவிட்டு வேனில் ஏறினோம். அடுத்த அறுவடைக்கு அவர் இல்லை.

கொஞ்ச நாளில் என்னையும் வேண்டாம் என்றார்கள். இப்போது ஒரு லாட்ஜில் வாட்ச்மேன். என் அக்கா மகன் நகராட்சிக் குப்பை வண்டி ஓட்டுகிறான். முதுகில் ஏதோ கம்பெனிப் பெயர் போட்ட சட்டை. அண்ணன் ஞாபகத்தில், போன வாரம் அவனிடம் கேட்டேன், எப்போது நிரந்தரம் ஆக்குவார்கள் என்று.

"எந்த கம்பெனில மாமா?" என்றான்.

கேலியாகக் கேட்டிருப்பான் என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. "டெண்டர் முடிஞ்சா வேற கம்பெனி வரும், வேற சட்டை குடுப்பாங்க" என்று எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னான். பிறகு அந்தச் சட்டையைக் கழற்றி உதறிக் கயிற்றில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.