பச்சை இல்லாத மலை

கோலாரில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாவட்ட ஓவியப் போட்டி. இதில் தேறினால் பெங்களூருவில் மாநிலப் போட்டி. ஒன்பதாவது படிக்கும் என் மகள் அதற்காக ஒரு வருஷமாய் வரைந்துகொண்டிருந்தாள். பிரஷ் பிடிக்கப்போவது அவள், பதற்றம் எனக்கு. எங்கள் ஊர் கேஜிஎப்பில், அதாவது கோலார் தங்கவயலில், ஏறிய பஸ் பங்காருபேட்டையைத் தாண்டுவதற்குள் "ரப்பர் எடுத்தியா?" என்று நான் கேட்டுக்கேட்டு, அவள் எழுந்துபோய் கண்டக்டர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

ஹாலுக்குள் பிள்ளைகள் மட்டும். பெற்றோர் யாராவது வாயைத் திறந்து உதவினால் அந்தப் பிள்ளை அவுட் என்று போட்டி நடத்தும் மேடம் மைக்கில் சொன்னார். தலைப்பு: 'எங்கள் ஊரின் இயற்கை'.

பங்காருபேட்டைக்காரர் ஒருவர், மகனுக்கு சூட்கேஸ் அளவு கலர் பெட்டி வாங்கிக்கொடுத்து அழைத்து வந்தவர், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேஜிஎப்பா? அங்க இன்னா இயற்கை சார் கீது?"

"உங்கூர்ல இன்னா கீது, ரயில்வே கேட்டா?" என்றேன். வீரமாகத்தான் சொன்னேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

ஜன்னலோரம் போய் எட்டிப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் முக்கோண மலை, நடுவில் சூரியன், பச்சையோ பச்சை. என் மகள் தாளிலும் மலை இருந்தது. ஆனால் உச்சி இல்லை, கத்தியால் சீவியதுபோலத் தட்டை. சாம்பல் நிறம், மழை அரித்த பள்ளங்கள். ஒரு புல் இல்லை. சயனைடு டம்ப்! சயனைடு போட்டுத் தங்கம் எடுத்துவிட்டு சுரங்கக்காரர்கள் கொட்டிய கழிவு மண். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மலை என்றால் அதுதான் மனசில் வரும். இது என் புத்திக்குப் பிறகுதான் எட்டியது. வாய் முந்திக்கொண்டது.

"பாப்பா! பச்சை அடி! பச்சை!"

ஹால் முழுக்கத் திரும்பியது. மேடம் ஜன்னலுக்கு வந்துவிட்டார். "யாரும்மா இவரு? உங்க அப்பாவா?"

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடன்காரனைக்கூட யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள்.

"தெரியாது மேடம். அப்பத்திலேர்ந்து இங்கியே சுத்திக்கினு கீறாரு."

"பொய்யி! அவரு பொண்ணுதான்!" என்று பின்னாலிருந்து கத்தினார் பங்காருபேட்டைக்காரர். மேடம் என் மூக்கைப் பார்த்தார், அவள் மூக்கைப் பார்த்தார். ரெண்டும் ஒரே அச்சு.

"எனக்குப் பொண்ணே இல்லீங்க மேடம்," என்றேன். "எல்லாம் பசங்க. மூணு."

பிள்ளை வரையட்டும், இந்த ஆளை வெளியே தள்ளு என்று மேடம் கன்னடத்தில் சொல்ல, வாட்ச்மேன் என் சட்டைக் காலரைப் பிடித்து கேட் வரை தள்ளிக்கொண்டு போனார். வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு அக்கறையாக வழியனுப்பியதில்லை. மகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சாம்பல் நிறம் குழைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மைக்கில் ரெண்டாம் பரிசுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். பெங்களூருவுக்குத் தேர்வு. பரிசு வாங்கும் பிள்ளைகளின் பெற்றோர் போட்டோவுக்கு மேடைக்கு வரலாமாம். நான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அப்பா வர்ல மேடம். டூட்டி," என்று அவள் சொன்னது மைக்கில் கணீரென்று கேட்டது.

மகனுக்கு ஒன்றும் கிடைக்காத பங்காருபேட்டைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார். "போய் நில்லுங்க சார் போட்டோவுக்கு," என்றார். "மூணு பசங்க பெத்தவராச்சே."

பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. வாட்ச்மேன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பையை வைத்து என்னை மறித்தாள். நின்றபடியே கேட்டேன். "டம்ப்பு எப்படிமா இயற்கை ஆவும்? அது மனுஷன் கொட்டுனது."

"நா பொறக்கறப்பவே இருந்துச்சில்ல? அப்ப எனக்கு இயற்கதான்," என்றாள். "பெங்களூருக்கு அம்மா வரட்டும். நீ வராத."