அண்ணன் வீட்டுக் குழாய்

பிஜித் தீவின் சூவா நகரத்தில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வசிதிக்குக் கவுண்டர் வேலை. சம்பளம் சுமார்தான்; ஆனால் பாட்டில் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் அவள் தொண்டையில் இறங்காது. ஆரம்பத்தில் அதற்கு நியாயம் இருந்தது. பெரிய மழை பெய்தால் குழாயில் சேறு வரும். மகள் உனைசி கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்றுப்போக்கில் பாதியாகிப் போனாள். பிறகு குழாய் தெளிந்தது, பிள்ளையும் தேறினாள், பாட்டில் மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆபீஸில் மேஜைக்கு மேஜை பாட்டில் நிற்கும்போது தான் மட்டும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போவதா? அதுதான் உண்மைக் காரணம். கேட்டால் சத்தியம் பண்ணி மறுப்பாள், அது வேறு கதை.

உனைசிக்கு நாலு வயதாகியும் தாய்மாமன் ஊரில் முகம் காட்டவில்லை. எங்கள் ஆட்களிடம் இது சின்ன விஷயமா என்ன? முகம் காட்டிய பிள்ளை மாமன் வீட்டில் எதைக் கேட்டாலும், ஏன், கேட்காமல் எடுத்தாலும் ஒருத்தர் வாய் திறக்க முடியாது. காட்டாத பிள்ளை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அந்த உரிமையை மகளுக்கு வாங்கித் தரத்தான் வசிதி புருஷன் வீட்டு ஆட்களோடு கிளம்பினாள். சீராகக் கொடுக்கப் பாய்கள், துணி, மண்ணெண்ணெய் டின், எல்லாவற்றுக்கும் மேலே ரெண்டு அட்டைப்பெட்டி பாட்டில் தண்ணீர்.

அண்ணன் அபெனிசா அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்து சிரித்தான். அவ்வளவுதான். பெரியவர்களான பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை, மரியாதை அப்படி. சொல்ல வேண்டியது அண்ணி லூசியானா வாய் வழியாகத்தான் வரும். லூசியானாவுக்கோ வாய்க்குப் பஞ்சமே இல்லை.

"வாசல்ல குழாயப் பாத்தியா வசிதி? மலை ஊத்துலேருந்து வருது. பைப்பைச் சுமந்து சுமந்து உங்க அண்ணன் தோள்ல தோலே இல்ல. மருமகளுக்கு என் கையாலதான் மொத வாய்த் தண்ணி குடுப்பேன்னு விடியறதுக்கு முன்னாடியே எழுந்து அதைத் துடைச்சுக்கிட்டு இருக்காரு. கட்டின நாள்லேருந்து என்னை ஒரு நாளாவது அப்படிக் கவனிச்சிருப்பாரா, கேளு!"

சொல்லிவிட்டு ஒரு ஜாடி நிறையக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சமையல்கட்டில் வைத்தாள். சேப்பங்கீரை அடிப்பிடிக்கிறது என்று பின்பக்கம் ஓடினாள்.

வசிதி ஜாடிக்குள் எட்டிப் பார்த்தாள். ஊற்றாவது ஒன்றாவது, மாடு மேய்கிற மலை! மகளுக்கு மறுபடி ஏதாவது ஆகிவிட்டால்? வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஜாடியைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே கவிழ்த்தாள். அவசர அவசரமாக ரெண்டு பாட்டிலைத் திறந்து அதில் ஊற்றினாள். திரும்பினால் கதவோரம் உனைசி. "ஷ்ஷ்," என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள் வசிதி.

கூடத்தில் பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புருஷன் வீட்டார் பாய்களை விரித்துப் பிள்ளையை அதன்மேல் உட்கார வைத்து ஒப்படைத்தார்கள். அபெனிசா ஜாடியிலிருந்து சிரட்டையில் தண்ணீர் ஊற்றி மருமகளின் வாயருகே பிடித்தான். அவள் முழுவதையும் குடித்தாள்.

"பாத்தீங்களா, என் மருமக ஒரு சொட்டு மிச்சம் வெக்கல! அவ ரத்தத்துக்குத் தெரியுது இது யாரு மலைத் தண்ணின்னு." குரல் உடைந்து, அத்தனை பெரிய ஆள் எல்லார் முன்னாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரியவர்கள் கை தட்டினார்கள்.

"இது எங்க வீட்டுத் தண்ணி மாமா," என்றாள் உனைசி, அவனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "உங்க தண்ணிய அம்மா ஜன்னல்ல கொட்டிட்டாங்க."

தட்டின கைகள் நின்றன. ஐயோ, அந்தப் பாய் அப்படியே பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது வசிதிக்கு. மாமியார் வீட்டு ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். நல்ல வேளை, அத்தை மகன் மைக்கா இருந்தான். கேலி பண்ண உரிமையுள்ள முறைக்காரன்.

"ஏ மாமன் மகளே, எங்க வயித்துல பூச்சிங்க பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்துக் குடும்பமே நடத்துதுன்னு உனக்கு யாரு சொன்னது? நீ மட்டும் பால்லயா பொறந்த? அந்த மலைத் தண்ணியில சேம்பு தின்னு வளந்த தொப்பைதானே இது!"

எல்லாரும் சிரித்தார்கள். அபெனிசாவும் சிரித்தான். பிறகு சிரட்டையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளைக்குச் சாப்பாடு போடு," என்று பெண்டாட்டியிடம் சொல்லி எழுந்து போனான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அந்தச் சிரிப்பைத்தான் வசிதியால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை சபையில் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர் ஒரு கட்டோடு அண்ணன் வீட்டுக் கீழ்வாசலில் தலை குனிந்து உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்கிறவர்கள் உட்காரும் இடம் அது. அவளுக்காக மைக்கா பேசினான், இந்த முறை கேலியில்லாமல்.

"உன் தங்கச்சி வந்திருக்கா. தாய் வீட்டுத் தண்ணியக் கீழ கொட்டிட்டா. பயத்துல பாதி, பவுசுல பாதி. தப்புன்னு தெரிஞ்சு வந்திருக்கா. வேரை ஏத்துக்க."

அபெனிசா வேர்க்கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டான். "மனசுல ஒண்ணுமில்ல. பிள்ளை எங்க பிள்ளை. இந்த வீட்டுல அவளுக்கு என்ன வேணுமோ எடுத்துக்கட்டும்," என்றான். வசிதிக்கு மூச்சு வந்தது. இடித்த வேரைக் கரைக்க மரத்தொட்டி வந்தது. லூசியானா அதன் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தமில்லாமல் வசிதி கொண்டுவந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து ஊற்ற ஆரம்பித்தாள்.

"அண்ணி, வேணாம்! குழாய்த் தண்ணி ஊத்துங்க. நான் குடிக்கறேன் அண்ணி, சத்தியமா குடிக்கறேன்."

லூசியானா புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபமே இல்லை. அக்கறைதான் இருந்தது.

"எதுக்கு அவளைச் சிரமப்படுத்தறது? விருந்தாளிக்கு எது ஒத்துக்குமோ அதையே ஊத்து," என்றான் பெண்டாட்டியிடம்.

பிறந்த வீட்டில் அவளை அதுவரை யாரும் விருந்தாளி என்று சொன்னதில்லை. முதல் சிரட்டை அவளிடம்தான் வந்தது. வழக்கப்படி ஒரு முறை கை தட்டி, அதை வாங்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.