ஐஸ் பெட்டியில் வைத்த லேப்டாப்

லேப்டாப் விற்கும் தொழிலுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், "ஓடும்" என்ற ஒரே வார்த்தையை முகம் கோணாமல் சொல்லத் தெரிந்தால் போதும். வீட்டுக்கு வீடு லேப்டாப் ஆசை பரவ ஆரம்பித்த நாளில், காலடிப்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விற்பனையும் நான்தான், ரிப்பேரும் நான்தான். அதாவது பொய் சொல்பவனும் நான், அந்தப் பொய்யை ஸ்குரூ டிரைவரால் நிமிர்த்துபவனும் நான். உங்களில் யாராவது கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்தே தாடை வலித்தவர்கள் இருந்தால் வாங்க, நீங்க நம்ம ஆளு.

எங்களிடம் இருந்ததிலேயே விலை குறைந்த லேப்டாப் ஒன்று உண்டு. டைப் அடிக்கலாம், பாட்டு கேட்கலாம், கல்யாண போட்டோ பார்க்கலாம். கேம் போட்டால் மட்டும் அதற்கு மூச்சு வாங்கும். எல்லோரும் அதைத்தான் வாங்குவார்கள், வாங்கும்போது எல்லோரும் "கேம் ஓடுமா?" என்றுதான் கேட்பார்கள். முதலாளி உள் ரூமிலிருந்தே "ஜம்முனு ஓடும்!" என்று குரல் கொடுப்பார். அவருக்கென்ன, ஓட வைக்க வேண்டியவன் நானல்லவா!

ஆபீஸ் வேலை

மணலியில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்ப்பவர் மனைவியோடு வந்தார். "ஆபீஸ் வேலை வீடு வரைக்கும் வந்துடுது சார், எக்ஸெல் இருந்தா போதும்" என்று மனைவி காதில் விழுகிற மாதிரி சத்தமாகச் சொன்னார். அந்தம்மா லேப்டாப் பை பார்க்க அந்தப் பக்கம் நகர்ந்ததும் என் காதருகே குனிந்து, "கார் ரேஸ் ஓடுமா?" என்றார். உள்ளேயிருந்து உடனே "ஜம்முனு ஓடும்!"

அடுத்த வாரமே இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். "எக்ஸெல் ரொம்ப ஸ்லோ சார், வளைவுல திரும்பும்போது அப்படியே நின்னுடுது" என்றார் மனுஷன், வாய் தவறி. அந்தம்மா என்னிடம் ரொம்ப நிதானமாகக் கேட்டார்: "எக்ஸெல்லுல வளைவு எங்க தம்பி வருது?"

தடைக்காலம்

தேசம்மா அக்கா காலடிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்பவர், வீடு நெட்டுக்குப்பம். வீட்டுக்காரர் எல்லப்பன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். கோடையில் மீன்பிடித் தடை வந்தால் போட்டெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். எல்லப்பனுக்கு வேலையும் கிடையாது, பொழுதும் போகாது, கால் தானாக ஒயின் ஷாப் பக்கம் போகும். போன வருஷத் தடையில் குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து மண்டையில் தையல். இந்த வருஷம் அக்காவின் தங்கச்சி வீட்டுக் கம்ப்யூட்டரில் கார் கேம் ஆட உட்கார்ந்தவர் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்கவே இல்லையாம். அதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா கடைக்கு வந்தார்.

எனக்கே மனசு கேட்கவில்லை. "அக்கா, இதுல கேம் வந்து..." என்று இழுத்தேன். "ஜம்முனு ஓடும்மா!" என்று முதலாளி முந்திக்கொண்டார். அக்கா அவர் இருந்த பக்கமே திரும்பவில்லை, என்னையே பார்த்தார். "ஓடணும் நைனா. தடை முடியற வரிக்கும் ஓடணும். நடுவுல நின்னுச்சின்னா அந்தாளு கெளம்பிடுவாரு."

மரம் எதற்கு?

வாங்கிப்போன சூடு ஆறுவதற்குள் எல்லப்பன் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். கார் ஓடவில்லை, தள்ளுவண்டி மாதிரி நகர்கிறது என்றார். இந்த வியாதிக்கு எங்களிடம் ஒரே வைத்தியம்தான். கேம் செட்டிங்கில் புகுந்து நிழலை எடுத்தேன், மரத்தை எடுத்தேன், வேடிக்கை பார்க்கிற ஜனத்தை எடுத்தேன், வானத்து மேகத்தையும் எடுத்தேன். எல்லாம் போனபின் கார் ஒருவழியாக ஓடியது. பெருமையாகத் திருப்பிக் காட்டினேன். எல்லப்பன் குனிந்து திரையை உற்றுப் பார்த்தார். "இன்னா நைனா, ஊர்ல பந்த்தா? ரோட்ல ஒரு ஈ காக்கா இல்லியே!"

குளுமை

அடுத்து, ஆடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடுகிறது என்று வந்தார். "சூடுதான் பிரச்சனை, கொஞ்சம் குளுமையா வெச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னது ஃபேன் காற்றை. கடலுக்குப் போகிறவருக்குக் குளுமை என்றால் அது ஒன்றுதான் என்று எனக்கு யார் சொன்னது?

மறுநாள் காலையில் புருஷனும் பெண்சாதியுமாக ஒரு தெர்மாகோல் பெட்டியைக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார்கள். திறந்தால், கீழே உடைத்த ஐஸ், மேலே உடைத்த ஐஸ், நடுவில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய லேப்டாப். தூக்கினால் கீ போர்டு வழியாகத் தண்ணீர் ஒழுகுகிறது, கடையெல்லாம் மீன் நாற்றம். ஐயோ சாமி! அக்கா முகத்தில் ரத்தமே இல்லை. தடை முடிய இன்னும் எத்தனையோ நாள் கிடந்தது. எல்லப்பன்தான் என்னிடம் நியாயம் கேட்டார்: "வஞ்சர மீனே ஐஸுல வாரக்கணக்குல தாங்குது. இது ஒரு ராவுக்குத் தாங்கல. இன்னா சரக்கு விக்கிறீங்க?"

உட்கார்ந்த இடம்

"காயணும், நாளைக்கு வாங்க" என்றேன். "சொம்மா வூட்ல குந்திகினு இன்னா பண்றது? இங்கியே கீறேன்" என்று வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். டீ வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். நான் பிரித்துப் போட்டிருந்த மதர்போர்டை எட்டி எட்டிப் பார்ப்பார்.

அதோடு விட்டாரா? உள்ளே நுழைகிறவன் "கேம் ஓடுமா?" என்று வாயைத் திறந்தால், முதலாளிக்கு முன்னால் எல்லப்பன் பதில் சொல்லிவிடுவார்: "ஓடாது நைனா. மரம்லாம் காணாப்பூடும்." வந்தவன் வந்த வழியே போய்விடுவான். கடையில் அந்த வாரம் மௌஸ் பேட் தவிர ஒன்றும் விற்கவில்லை. முதலாளி என்னை உள் ரூமுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பல்லைக் கடித்தார்: "டேய், அந்த ஆளுக்குப் புதுசு ஒண்ணைக் குடுத்தாவது அனுப்பித் தொலைடா!"

ரிப்பேர் ஆன செய்தி

உண்மையில் அது எப்போதோ உயிர் பிழைத்துவிட்டது. ஹேர் டிரையர் காட்டி, பிரஷ்ஷால் துடைத்து, வெயிலில் வைத்ததும் பொட்டென்று விளக்கு எரிந்தது. சந்தோஷம் தாங்காமல் மார்க்கெட்டுக்கே ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன், முதலாளி புதுசே தருகிறார் என்பதையும் சேர்த்து. சங்கரா மீனுக்குச் செதில் உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"வேணாம் நைனா. அந்தாளு வூட்ல இருந்தா தோஸ்துங்க வந்து குடிக்க இட்டுகினு பூடுவானுங்கோ. உன் கடையாண்ட எவனும் வர மாட்டேங்கறான். காயலன்னே சொல்லு."

சொன்னேன். தினமும் சொன்னேன். முதலாளியிடம் திட்டு வாங்கினேன், "மதர்போர்டுக்குள்ள இன்னும் ஈரம் கீது" என்று வாய் கூசாமல் சொன்னேன். எல்லப்பன் நம்பினார், உட்கார்ந்தார், டீ குடித்தார். தடை முடிந்து எல்லப்பனின் படகு கடலுக்குப் போன அன்று அக்கா ஒரு பை நிறைய நண்டோடு வந்து, லேப்டாப்பை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டார். கண்ணெல்லாம் சிரிப்பு. "ஒரு நாளு கூட குடிக்கல நைனா! அடுத்த தடைக்கும் இதே மாதிரி ஓடாததா ஒண்ணு எடுத்து வெய்யி."

அத்தனை வருஷம் அந்தக் கவுண்டரில் நின்றதில், ஒரு குடும்பத்துக்கு உருப்படியாக நான் செய்த ஒரே சர்வீஸ், ரிப்பேர் ஆனதை ரிப்பேர் ஆகவில்லை என்று சொன்னதுதான்.