கை வெட்டிய டி-ஷர்ட்டும் காணாமல்போன ஊக்கும்

"ஆளு கடலுக்கு அங்கோட்டு கெடக்கும்போ, அவன் உடுத்த துணியில கத்திரி வைக்கப்பிடாது மக்கா" என்றார் மைனி.

கத்திரி ஏற்கெனவே என் கையில் இருந்தது. மேசையில் என் கணவரின் பழைய டி-ஷர்ட்டுகள் அடுக்காகக் கிடந்தன. அவர் வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்க்கிறார், ஓணத்துக்குத்தான் வருவார். மைனி அவருடைய அக்கா. பெருங்கடவிளையில் கட்டிக்கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கைக்குழந்தையோடு நான் தனியாக இருக்கிறேன் என்று, விடுமுறைக்கு உதியன்குளங்கரையில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார்.

"அவருதான் வெட்டிக்கோன்னு சொன்னாரு மைனி. போன்ல காட்டிக் கேட்டேன்."

"அவன் சொல்லுவான். அவனுக்கு என்ன தெரியும்? சின்னதுல இருந்தே அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்க வேண்டாமோ என்று அடுத்த நொடியே தோன்றியது. மைனி மேசையில் கிடந்த டி-ஷர்ட்டின் மடிப்பை ஒருமுறை நீவிவிட்டு எழுந்து போனார்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. என் மகளுக்கு அப்போது பதினோரு மாதம். அந்த மேடமாதக் கோடை வெயிலில் அவளுடைய கழுத்தும் அக்குளும் வேர்க்குருவால் சிவந்து, சில இடங்களில் சீழ் கோத்திருந்தது. காற்றுப் படட்டும், மெல்லிய பருத்தி போடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரிசாக வந்த கவுன்களிலெல்லாம் லேசும் நைலானும். கடையில் வாங்கிய பருத்திச் சட்டையின் கையோரம்கூட அக்குளில் உரசி அவளை அலறவைத்தது. என் கணவரின் டி-ஷர்ட்டுகளோ வருடக்கணக்காகத் துவைபட்டு, வாழைப்பூ மடலின் உட்பக்கம்போல மென்மையாகியிருந்தன.

ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். டி-ஷர்ட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து, குழந்தைக்குச் சரியாக இருக்கும் ஒரு சட்டையை மேலே வைத்து, விரலகலம் கூடுதலாக விட்டு வெட்ட வேண்டும். அடியோரம் ஏற்கெனவே மடித்துத் தைத்தது, அப்படியே இருக்கலாம். கையை மட்டும் தோளோடு எடுத்துவிட்டு, அக்குள் பக்கம் ஆழமாக இறக்கிவிட்டால் காற்று நன்றாகப் போகும். சிக்கல் ஒன்றுதான். வெட்டியதும் அந்தத் துணி ஓரத்தில் சுருண்டுகொள்ளும். பிடித்து நிறுத்தாமல் தைக்க முடியாது. தவழ்கிற குழந்தை உள்ள வீட்டில் குண்டூசி வேண்டாம் என்று ஊக்குகளைப் பயன்படுத்தினேன்.

ஊக்குகளைத் தேடி எங்கும் போகவும் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலரையும்போல நானும் தாலிச் சங்கிலியில்தான் அவற்றை மாட்டி வைப்பேன். ஒன்றைக் கழற்றுவேன், தோளில் குத்துவேன், தைத்து முடித்ததும் மறுபடி சங்கிலியில் மாட்டுவேன். கை தானாகச் செய்யும். எத்தனை தொங்குகின்றன என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணவில்லை.

முதல் சட்டை நன்றாகவே வந்தது. சாம்பல் நிறம். அதைப் போட்டுக்கொண்டு அவள் அன்று சாயங்காலம் கேட்டருகில் என் இடுப்பில் இருந்தாள். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். "கையும் தோளும் கண்டில்லியா, வெண்ணெ போல" என்று பால் வாங்கப் போன ஒருத்தி கன்னத்தைக் கிள்ளினாள். மைனி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிச் சட்டை போட்டுவிட்டது மைனிதான். அவர் பெருங்கடவிளை வீட்டில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு மத்தியானம் வருவதாகச் சொல்லிப் போன பிறகு, நான் இரண்டாவது டி-ஷர்ட்டை எடுத்தேன். நீல நிறம். ஒரு கையை வெட்டி, ஓரத்தை ஊக்குகளால் பிடித்து வைத்தேன். குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பியபோது அவள் மேசைக்கடியில் இருமிக்கொண்டிருந்தாள்.

முகம் சிவந்திருந்தது. வாயில் விரலை விட்டுத் துழாவினேன். ஒரு துண்டு நீல நூல் வந்தது. அவள் வீரிட்டு அழுதாள். பிறகு எச்சிலை விழுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல என் நைட்டியைப் பிடித்து எழுந்து நின்றாள்.

நூல்தான் என்று சொல்லிக்கொண்டேன். நூலுக்கு இப்படி இருமுவாளா? சங்கிலியில் கிடந்த ஊக்குகளைப் பார்த்தேன். துணியில் குத்தியவற்றைப் பார்த்தேன். மேசையில், தைத்து முடித்த பிறகு மாட்டலாம் என்று ஓரமாக வைத்திருந்த சின்ன ஊக்கு இல்லை. முந்தின நாள் சாயங்காலம் அதை அங்கே வைத்தது நிச்சயமாக நினைவிருந்தது. இல்லை, வைத்தேனா? சங்கிலியில் மாட்டிவிட்டேனோ? கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கித் தரை முழுக்கத் தேய்த்துக்கொண்டு போனேன். துரு ஒட்டியது, ஒரு பழைய ஆணி ஒட்டியது, ஊக்கு வரவில்லை.

மூடிய ஊக்கு என்றால் பரவாயில்லை. திறந்த ஊக்கு என்றால்? அதை மூடி வைத்தேனா, திறந்தபடி வைத்தேனா? இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தால் அழுதிருக்கமாட்டேன்.

ஜங்ஷனில் ஆட்டோ கிடைத்தது. ஏறும்போதே மைனிக்குப் போன் செய்தேன். "பாப்பா என்னத்தயோ முழுங்கிட்டா மைனி. நெய்யாற்றின்கரைக்குப் போறேன்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அவர் ஏதோ கேட்டார். வண்டிச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை.

ஆட்டோக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"என்னத்த முழுங்கிச்சு பிள்ளே?"

"ஊக்கு அண்ணே. தெரியல்ல. இருக்கும்."

"எனக்க மூத்தவன் சாவி முழுங்கினான் கேட்டியா. பெட்டிக்க சாவியாக்கும். ரெண்டு நாளு வீட்டுல எல்லாரும் அவனுக்க பொறத்தயே நடந்தோம். திருப்பித் தந்துட்டான். இப்போ அவனும் ஆட்டோதான் ஓட்டுதான், சாவி கையிலதான் இருக்கு."

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. முடியவில்லை. பாலத்தருகே லாரிகள் நின்றன. அவர் ஒரு கையால் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். குழந்தை என் தாலிச் சங்கிலியைப் பிடித்து ஊக்குகளை வாயருகே கொண்டுபோனாள். பிடுங்கினேன். தினமும் செய்வதுதான். அன்று சங்கிலியையே உடைக்குள் தள்ளிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தார். அடிவயிற்றை மெல்ல அழுத்திப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். "பேடிக்கண்டா. நமக்கு ஆத்யம் ஒரு எக்ஸ்ரே எடுக்காம்" என்றார். பயப்படாதே என்று அவர் சொன்ன பிறகு நான் குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

எக்ஸ்ரே அறையில் நர்ஸ் குழந்தையின் சட்டையைக் கழற்றச் சொன்னார். வளையலைக் கழற்றினேன். டயப்பரை எடுத்தேன். இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு மட்டும் கிடந்தது.

"வெள்ளியா?" என்று நர்ஸ் கேட்டார்.

"இல்ல, நூலுதான்."

"எங்கில் கிடக்கட்டே."

எனக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்ன நிம்மதி. பிறந்த வீட்டில் கட்டிய நாளிலிருந்து அந்தக் கயிறு அவள் இடுப்பை விட்டு இறங்கியதில்லை. இறுகினால் புதிது கட்டிய பிறகுதான் பழையதை அறுப்போம். வெறும் இடுப்பாகப் பிள்ளையை விடக் கூடாது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லித்தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். நான் எம்.எஸ்சி. வேதியியல் படித்தவள். கழற்றச் சொல்லவில்லையே என்று நிம்மதிப்பட்டேன்.

அவள் கைகளைத் தலைக்கு மேலே நான் பிடித்துக்கொண்டேன். அவள் என்னையே பார்த்து அழுதாள்.

டாக்டரின் திரையில் படம் வந்தபோது யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மங்கலான விலா எலும்புகள், முதுகெலும்பு, அதற்குக் கீழே பளிச்சென்று வெள்ளையாக ஓர் ஊக்கு. வரைந்து வைத்ததுபோல.

"குளோஸ்டு ஆணு" என்றார் டாக்டர். மூடித்தான் இருக்கிறதாம். ஆனால் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு கீழே எப்படி இறங்கியது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எப்போது விழுங்கினாள் என்று என்னிடம் திரும்பக் கேட்டார். கொஞ்சம் முன்பு என்றேன். நிச்சயமா? நிச்சயமில்லை. நேற்றாகவும் இருக்கலாமா? இருக்கலாம். நான் பார்க்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஒரே ஆள் நான். திருவனந்தபுரத்துக்கு அனுப்புவதுதான் நல்லது, வண்டிக்குச் சொல்கிறேன் என்று டாக்டர் போனை எடுத்தார்.

அப்போதுதான் மைனி உள்ளே வந்தார். செடிக்கு ஊற்றிய தண்ணீர் சேலையின் கீழே ஈரமாக இருந்தது. ஓடி வந்திருக்கிறார்.

"என்ன பிள்ளே, என்னத்த முழுங்கினா?"

நான் திரையைக் காட்டினேன்.

மைனி திரையைப் பார்த்தார். பிறகு என் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். மறுபடி திரையை. அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் பார்த்தேன். அவரும் என்னைப்போலத்தான் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

"போன் பண்ணாதீங்க டாக்டரே" என்றார்.

டாக்டர் நிமிர்ந்தார்.

"அது வயித்துக்குள்ள இல்ல. வெளிய ஆக்கும்."

அவர் என்னிடமிருந்து குழந்தையை வாங்கி, முதுகைத் திருப்பி, சட்டையைத் தூக்கி, அரைஞாண் கயிற்றின் பின்முடிச்சின் மேல்சுற்றைப் பிரித்தார். முடிச்சின் மேல் கறுப்பு நூலைச் சுற்றிச் சுற்றி ஒரு சிறு உருண்டைபோல ஆக்கியிருந்தது. அதற்குள் ஊக்கு. நான் அன்று எத்தனையோ முறை அந்த முதுகைத் தடவியிருக்கிறேன். முடிச்சு என்றே நினைத்தேன்.

"காலத்த குளிப்பாட்டும்போ நான்தான்…" மைனி என்னைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துத்தான் பேசினார். "மேசையில கெடந்தது. நேத்து எல்லாரும் பிள்ளய அப்பிடிப் பாத்தாளுவ. பின்ன, அவனுக்க சட்டையும்… அவன் அங்க கடலுக்க நடுவுல கெடக்கான். ஒரு இரும்பு கெடக்கட்டுன்னு நெனச்சேன். சொன்னா நீ சிரிப்ப."

பிறகு டாக்டர், இன்னொரு படம் எடுக்க வேண்டும், இந்தத் தடவை இடுப்பில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றார். நர்ஸ் கத்திரியோடு வந்து கயிற்றை அறுத்தார். மைனி அதைக் கையேந்தி வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது படம் வரும்வரை காத்திருந்ததுபோல நான் வேறெதற்காகவும் காத்திருந்ததில்லை. இருமியது எதற்கு? மைனி எடுத்தது ஒன்று. போனது இரண்டாக இருந்தால்? நானோ எண்ணவில்லை. வராந்தா பெஞ்சில் மைனி எனக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். கோபம் வந்தது எனக்கு. அது வாய்வரை வந்தபோது, நேற்று நான் சிரித்ததும் கூடவே வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டேன்.

படத்தில் ஒன்றும் இல்லை. எலும்பு மட்டும். "நூலாயிருக்கும்" என்று டாக்டர் சிரித்தார். மைனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது ஜங்ஷனில் ஆட்டோவை நிறுத்தி, மைனி இறங்கிப்போய்ப் புதிய கறுப்புக் கயிறு வாங்கி வந்தார். வீட்டு வாசல் ஏறும் முன்பே, என் இடுப்பில் இருந்தபடியே அவளுக்குக் கட்டினார். வெறும் முடிச்சு. கட்டி முடித்து, என் விரலைப் பிடித்து அந்த முடிச்சின் மேல் வைத்தார். "பாத்துக்கோ. ஒண்ணும் இல்ல."

உள்ளே போனதும் நான் சங்கிலியிலிருந்த ஊக்குகளையெல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு அலமாரியின் மேல் வைத்தேன். மைனி தன் பையிலிருந்த அந்த ஊக்கையும் எடுத்து நீட்டினார். அதையும் போட்டேன். சங்கிலி மார்பில் எடையில்லாமல் கிடந்தது. என் கை அங்கே போய்ப்போய் வந்தது.

மேசையில் நீல டி-ஷர்ட் ஒரு கை இல்லாமல் விரிந்து கிடந்தது. அதைச் சுருட்டி எடுக்கப் போனேன். இனி வெட்டப்போவதில்லை என்று சொல்லிவிடலாம், மைனிக்கும் சமாதானமாகும், எனக்கும். குழந்தை தரையில் உட்கார்ந்து கழுத்தைச் சொறிந்தாள்.

"அத எங்க கொண்டுபோற?" என்றார் மைனி.

"வேண்டாம் மைனி. போகட்டு."

"ஒரு கை வெட்டியாச்சுல்லா. மத்தக் கைய வச்சுட்டு யாருக்கு? பிள்ளைக்கு சொறியுது பாரு." அவர் மேசைமுன் உட்கார்ந்து கத்திரியை எடுத்தார். "இஞ்ச வந்து துணியப் பிடி. சுருளுது."

நான் தோளோரத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். மைனி கத்திரியைத் துணியில் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் உதடுகள் ஏதோ முணுமுணுத்தன, தம்பியின் பெயராக இருக்கலாம். பிறகு வெட்டினார். வகுப்பில் கோடு போடுகிறவரின் கை. வளைவு எங்கும் பிசகவில்லை.

"ஊக்கு எடுக்கவா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

மைனி கத்திரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கையால நூலு ஓட்டிக்கோ" என்றார். "நேரம் ஆனா ஆகட்டு."