நான்கெல்லை சொல்லி ஒரு ஜெபம்

ஜாஸ்பின் இரணியலில் பத்திரம் எழுதுகிறவள். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் கொண்ட அறையில் பதினெட்டு வருடமாக எழுதுகிறாள். எல்லை மாறிவிட்டது, சர்வே எண் பிசகிவிட்டது என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. நிலத்தில் நிற்கிற தென்னை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுவரை கேட்டுத்தான் எழுதுவாள் என்று மற்ற எழுத்தர்கள் கேலி செய்வார்கள்.

ஜெபம் மட்டும் அவளுக்கு வராது. அதற்குக் காரணம் அவளுடைய அப்பா செல்வதாஸ். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போதகர் வருவதற்கு முன்னாலேயே ஜெபிக்கப் போய் நிற்பார். வீட்டில் சாயங்காலம் கண்ணை மூடினார் என்றால் முக்கால் மணி நேரம். தெருவில் உள்ள பிள்ளைகளின் பரீட்சை, வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள், மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர்கள் என்று ஒருவரையும் விடமாட்டார். அம்மா இறந்த பிறகு வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் ஜெபித்தார், மற்றவள் ஆமென் சொன்னாள். நாற்பத்தாறு வயது வரை அந்த ஏற்பாட்டில் ஜாஸ்பினுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

போன ஆகஸ்டில் அப்பாவுக்குச் சிறுநீரில் தொற்று வந்து, அது ரத்தத்தில் கலந்துவிட்டது. நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். இரண்டு கிட்னியும் சரியாக வேலை செய்யவில்லை, நினைவும் இல்லை, மூன்று நாள் கழித்துத்தான் எதுவும் சொல்லமுடியும் என்றார் டாக்டர். தம்பி அபினேஷ் மஸ்கட்டிலிருந்து போனில் அழுதான். ஊருக்கு வர லீவு கிடைக்கவில்லை. போதகர் வெளியூர்க் கூட்டத்துக்குப் போயிருந்தார். மயக்கத்தில் கிடக்கிறவர்களுக்கும் காது கேட்கும், பக்கத்தில் நின்று சத்தமாக ஜெபிக்க வேண்டும் என்று அப்பா எப்போதும் சொல்வாரே, நீதான் செய்ய வேண்டும் என்று அபினேஷ் சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

சாயங்காலம் பத்து நிமிடம் உள்ளே விடுவார்கள். ஜாஸ்பின் நான்காம் எண் கட்டிலருகே நின்றாள். வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. அப்பா சொல்வதைப்போலச் சொல்ல நினைத்தாள். அவரைப் போலச் சொல்ல இரண்டு வரிக்குமேல் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் மூன்று போய்விட்டது. கடைசியில் தனக்குத் தெரிந்த பாஷையில் தொடங்கினாள்.

“ஆண்டவரே, கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் வட்டம், இரணியலில் வசிக்கும், காலஞ்சென்ற ஞானசிகாமணி மகன் செல்வதாஸ், வயது எழுபத்தாறு…”

அந்த இடத்தில் பதறி நின்றாள். ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லை அந்த அறையில் சொல்லியிருக்கக் கூடாது. செத்தது தாத்தா மட்டும்தான், அப்பா உயிரோடுதான் இருக்கிறார் என்று ஆண்டவருக்குத் தெளிவுபடுத்திவிட்டுத் தொடர்ந்தாள். கிழக்கே நர்ஸ் மேசைக்கும், மேற்கே சுவருக்கும், தெற்கே வாசலுக்கும், வடக்கே தேங்காய்ப்பட்டணம் சுலைமான் படுத்திருக்கும் கட்டிலுக்கும் உட்பட்ட நான்காம் எண் கட்டிலில் இருக்கும் மேற்படியாரின் உடம்பிலுள்ள சகல வில்லங்கங்களையும் நீக்கி, அவரை மீண்டும் எங்கள் சுவாதீனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று கேட்டு முடித்தாள். ஆமென் சொல்ல மறந்துபோனாள். கண்ணைத் திறந்தபோது நர்ஸ் பெர்லின் உதட்டைக் கடித்துக்கொண்டு மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுலைமானின் மனைவி ஹபீபா பீவி சிரிக்கவில்லை. சுலைமான் மீன் வியாபாரி. நெஞ்சுவலியோடு முந்தின நாள் வந்தவர். ஹபீபா பீவி ஜாஸ்பினின் கையைப் பிடித்தாள்.

“பிள்ளே, எங்க ஆளுக்க பேரச் சொன்னியே, அது அடையாளத்துக்கு மட்டுந்தானா? அவருக்கும் ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

ஜாஸ்பினுக்கு வெட்கமாகப் போயிற்று. உடனே மறுபடி கண்ணை மூடி, வடக்கெல்லையில் இருப்பவருக்கும் மேற்படி நன்மைகள் யாவும் கிடைக்க வேண்டும் என்று சேர்த்தாள். ஹபீபா பீவி தன் வழக்கப்படி கையேந்தித் துஆ கேட்டாள். அதில் செல்வதாஸின் பேர் வந்தது.

மறுநாள் போனபோது நான்காம் எண்ணில் அப்பா இல்லை. டயாலிசிஸ் மெஷினுக்கு வசதியாக அவரை ஏழாம் எண்ணுக்கு மாற்றியிருப்பதாகப் பெர்லின் ஓடிவந்து சொன்னாள். நான்காம் எண்ணில் பூதப்பாண்டிக்காரர் ஒருவர் கிடந்தார். காலையில் மோசமான நிலையில் கொண்டுவந்தார்களாம். இப்போது எழுந்து உட்கார்ந்து, இட்லி எப்போது தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டருக்கே ஆச்சரியமாம்.

ஜாஸ்பினுக்கு ஆச்சரியம் இல்லை. எழுதிய எல்லைப்படி காரியம் நடந்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் ஏழாம் எண்ணுக்குப் பக்கத்தில் நின்று பிழைத்திருத்தம் செய்தாள். நேற்றைய ஜெபத்தில் நான்கு என்று கண்டிருப்பதை ஏழு என்று வாசித்துக்கொள்ள வேண்டும், நான்கு எல்லைகளும் இன்னின்னவை என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, பூதப்பாண்டிக்காரருக்குக் கொடுத்ததை அதற்காகத் திரும்ப எடுக்க வேண்டாம், அது அவரிடமே இருக்கட்டும் என்றும் சொன்னாள்.

மூன்று நாள் ஆயிற்று. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் சுலைமானை வார்டுக்கு மாற்றினார்கள். வடக்கெல்லை நல்லபடியாகப் போய்ச்சேர்ந்ததில் ஜாஸ்பினுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அன்று பஸ்ஸில் திரும்பும்போது, தன்னைச் சுற்றியிருக்கிற எல்லாருக்கும் கிடைக்கிறது, கேட்டவளுக்குக் கிடைக்கவில்லையே என்று அழுதாள். பக்கத்து சீட்டுக்காரி ஜன்னல் காற்று கண்ணில் படுகிறது என்று நினைத்து ஷட்டரை இறக்கிவிட்டாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் அவள் வட்டம், கிராமம் என்று பாதி வந்தபோது, கட்டிலிலிருந்து ஒரு கீறல் குரல் கேட்டது.

“மக்கா, ஆண்டவருக்கு இவ்வளவு விலாசம் வேண்டாம். அவருக்கு என்னத் தெரியும்.”

ஜாஸ்பின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “உங்களத் தெரியும்ப்பா. எனக்க சத்தம் அவருக்குப் பழக்கம் இல்லியே.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி நினைவு போய்விட்டதோ என்று அவள் பயந்தாள். கண்ணோரம் நனைந்து காதுவரைக்கும் வழிந்ததைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது. பெர்லின் மீதியையும் சொல்லி முடிக்கச் சொன்னாள், பத்து நிமிடத்துக்குமேல் ஆனாலும் பரவாயில்லை என்றாள்.

பத்தொன்பது நாள் கழித்து அப்பா வீட்டுக்கு வந்தார். கிட்னி முழுதாகத் திரும்பவில்லை. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸுக்கு நாகர்கோவிலுக்குப் போகவேண்டும். எத்தனை வருடம் என்று டாக்டர் சொல்லவில்லை, ஜாஸ்பினும் கேட்கவில்லை. முதல் தடவை போன அன்று வரவேற்பறையில் சுலைமான் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். அவரும் அப்பாவும் ஆஸ்பத்திரிக் கஞ்சியின் உப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள்.

விஷயம் எப்படியோ இரணியல் வரைக்கும் வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நந்தனா என்ற பெண், சொத்தில் தன் பங்கை அண்ணனுக்கு விட்டு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்காக வந்தவள், கையெழுத்தெல்லாம் முடிந்தபிறகும் எழும்பாமல் இருந்தாள். அம்மாவுக்குப் புற்றுநோய், திருவனந்தபுரத்தில் சேர்த்திருக்கிறது என்றாள். நீங்கள் ஜெபித்தால் நடக்குமாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அப்பிடியெல்லாம் எனக்கு லைசென்ஸ் இல்ல மக்கா,” என்றாள் ஜாஸ்பின். “நடக்குமா நடக்காதான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. கேக்க மட்டுந்தான் தெரியும்.”

சொல்லிவிட்டு பிரிண்டரை அணைத்தாள். நாற்காலியை நந்தனாவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்மாவின் பெயர் என்ன, எத்தனாவது மாடி, ஜன்னல் எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.