கப்பல் நிற்காது: மாட்டுப்பட்டி முதல் போடிமெட்டு வரை ஓர் ஒத்திகை

வரும் டிசம்பரில் நாங்கள் நான்கு பேர் கொச்சியில் கப்பல் ஏறுகிறோம். நான், என் வீட்டுக்காரர், மாமனார், மாமியார். நான்கு இரவுப் பயணம். லட்சத்தீவில் ஒரு தீவு, அப்புறம் கோவா, கடைசியில் மும்பையில் இறக்கிவிடுவார்கள். இதற்காக ஆயுத பூஜை விடுமுறையில் நாங்கள் போன இடம் மூணாறு. கடலுக்குப் போகிறவர்கள் எதற்கு மலை ஏறினீர்கள் என்று கேட்பீர்கள். எல்லாம் என் மாமனாரால் வந்தது.

மாமாவுக்கு அறுபத்தெட்டு வயது. கொழிஞ்சாம்பாறையில் ஆறு ஏக்கர் தென்னந்தோப்பு. தங்கமான மனிதர்தான், ஆனால் வண்டியை விட்டு இறங்கினால் திரும்பி வரமாட்டார். எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் உள்ளே போய், என்ன ரகம், எத்தனை நாளுக்கு ஒரு தண்ணி, என்ன உரம் என்று விசாரித்து முடித்தால்தான் அவருக்கு மூச்சு வரும். பழனியில் பஸ் இவரை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறது. என் கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வாழைத்தோட்டத்தில்தான் இவரைக் கண்டுபிடித்தார்கள். அத்தை முப்பத்தொன்பது வருடமாக ஊர் ஊராக பஸ் ஸ்டாண்டில் இவருக்காகக் காத்து நின்றவர்.

கப்பல் டிக்கெட் போட்ட அன்றே விதிமுறைகளை நான் வீட்டில் உரக்க வாசித்தேன். போகப்போகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். தீவில் கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப்போவார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று முன்பே சொல்லிவிடுவார்கள். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்குமாம். நாமாகத் தனியாகச் சுற்றப் போனால் காத்திருக்காது, அடுத்த துறைமுகத்துக்கு நம் கைக்காசில் போய்ச் சேர வேண்டும்.

"தீவுல எறங்கறதுக்கு அபேட்சை குடுத்தாச்சா, கண்ணு?" என்று அத்தை கேட்டார். எங்கள் பக்கம் விண்ணப்பத்தை அப்படித்தான் சொல்வோம். கொடுத்தாச்சு என்றேன். "அங்க அப்படி என்னதான் இருக்குது?"

"தென்னை மரந்தான் அத்தை. தீவு பூராவும் தென்னை."

அத்தை மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, "இவரு டிக்கெட்ட என்ற தம்பி பேருக்கு மாத்தீரு" என்றார்.

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நடுக்கடலில் உப்புக்காற்றில் தென்னை எப்படிக் காய்க்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவருக்கு எத்தனையோ வருடத்து ஆசை. கப்பலுக்கென்று கான்வாஸ் ஷூ வேறு வாங்கி, தோப்பில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். பெயர் மாற்ற அக்டோபர் கடைசி வரை நேரம் இருந்தது. அதனால் நான் ஒரு யோசனை சொன்னேன்: மலையில் ஓர் ஒத்திகை. மூன்று இடத்தில் இறங்குவோம், மூன்றும் மூன்று கரை. வண்டிதான் கப்பல், சொன்ன நேரத்துக்குக் கிளம்பிவிடும். மூன்றில் இரண்டு முறை மாமா தவறவிட்டால் டிக்கெட் அத்தையின் தம்பிக்கு. அத்தை சம்மதித்தார். மாமாவும் சம்மதித்தார், அவருக்கு வேறு வழி இல்லை.

காலை ஐந்தேகாலுக்கு எங்கள் காரில் கிளம்பினோம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். மறையூரில் காலை டிபன். அங்கே மாமா கரும்புக்குள் போனதில் முக்கால் மணி நேரம் காலி. ஒத்திகை இன்னும் தொடங்கவில்லை என்று வாதாடினார். சரி என்று விட்டேன். பத்தேமுக்காலுக்கு மூணாறு. அறை ஒன்றுக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபாய், வெந்நீர் காலையில் மட்டும்.

மூணாறில் காரை நிறுத்திவிட்டு ஜீப் வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு மூவாயிரத்து ஐநூறு. ஓட்டுநர் ஞானராஜ் அண்ணன் சக்குபள்ளத்துக்காரர், ஏலத்தோட்டத்தில் வேலை செய்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நீங்கதான் கேப்டன். சொன்ன நேரத்துக்கு எடுத்துடணும். யார் கத்தினாலும் நிற்கக் கூடாது. ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கால் மணி நேரம் நின்றுவிட்டு, அப்புறம் வந்து வண்டியைத் தவறவிட்டவரைக் கூட்டிப்போங்கள்."

"நீங்களே கத்துனாலுமா, அக்கா?"

"நானே கத்தினாலும்."

"எஸ்டேட்டுல சைரன் அடிச்ச பொறவு வந்தா அன்னைக்கு வேலை கிடையாது. அப்படிப் பழகுன ஆளு நான். எடுத்துருவேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தை அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதல் கரை மாட்டுப்பட்டி. மூணாறிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர். விடுமுறைக் கூட்டத்தில் படகுக்கு ஒரு மணி நேரம் வரிசை. கடல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான் படகு. அணைத் தண்ணீர் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடந்தது. அதிலும் என் வீட்டுக்காரர் வாந்தி எடுத்தார். அத்தை பொரி சாப்பிட்டபடி வந்தார். வாந்தி மாத்திரையை இன்னொரு அட்டை சேர்த்து வாங்கக் குறித்துக்கொண்டேன்.

ஜீப் கிளம்பும் நேரம் ஒன்றரை. ஒன்று இருபதுக்கு மாமாவைக் காணோம். பக்கத்தில் மாட்டுப் பண்ணை இருக்கிறது என்பதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. ஒன்றரைக்கு ஞானராஜ் அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். ஒரு கிலோமீட்டர் தாண்டி நின்றோம். பத்து நிமிடத்தில் பின்னால் ஒரு டிராக்டர் வந்தது. ஏற்றியிருந்த புல் கட்டின் மேல் மாமா உட்கார்ந்து கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"புடிச்சுட்டனா இல்லியா?" என்று குதூகலமாக இறங்கினார்.

"கடல்ல டிராக்டர் ஓடாதுங்க" என்றார் அத்தை. கணக்கு: ஒன்றுக்குப் பூஜ்யம்.

மறுநாள் இரண்டாவது கரை பூப்பாறை, மூணாறிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இருபுறமும் ஏலத்தோட்டம். மாமாவின் கண்ணில் வெளிச்சத்தைப் பார்த்ததுமே அத்தை தம்பிக்குப் போன் போட்டு, "பேண்ட் சட்டை ஏதாச்சும் தெச்சு வெச்சுக்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் கிளம்பும் நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே மாமா ஓட்டமாக ஓடி வந்தார். முதல் நாள் மழை பெய்த ஈரம். இரண்டு காலிலும் அட்டை, கான்வாஸ் ஷூவுக்குள்ளேயும் ஒன்று. ஞானராஜ் அண்ணன் உப்பைத் தேய்த்து எடுத்தார். வழக்கமாக எந்தத் தோட்டத்திலும் வரப்பிலேயே குடியிருக்கும் மனிதர், அன்று ஜீப்பை விட்டு ஒரு அடி நகரவில்லை. ஒன்றுக்கு ஒன்று.

ஆக, மாமாவின் கடல் முழுக்கப் போடிமெட்டில் வந்து நின்றது.

போடிமெட்டு பூப்பாறையிலிருந்து பத்து கிலோமீட்டர். இரண்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிளம்பும் நேரம் மூன்றரை என்று எல்லோரிடமும் இரண்டு முறை சொன்னேன். வானம் தெளிவாக இருந்தால் கீழே தேனிப் பக்கத்துச் சமவெளி முழுக்கத் தெரியும். எங்களுக்குப் பத்து நிமிடம் தெரிந்தது. அப்புறம் பனிமூட்டம் ஏறி வந்து, கையில் இருந்த டீயே மங்கலாகிவிட்டது.

மூன்றேகாலுக்கு அத்தை டீக்கடையை எட்டிப் பார்த்தார். மாமா இல்லை. அவருடைய போன் அத்தையின் பையில் இருந்தது, தொலைத்துவிடுவார் என்று அத்தையே வாங்கி வைத்தது. "செக்போஸ்ட் பக்கம் போயிருப்பாரு, நான் பாத்துட்டு வந்தர்றேன்" என்று அத்தை ஒரு பக்கம் நடந்தார். நானும் என் வீட்டுக்காரரும் இன்னொரு பக்கம் தேடினோம். தம்பியை வரச் சொன்ன அதே அத்தை பனிக்குள், "ஏனுங்க... ஏனுங்க..." என்று கூப்பிடும் சத்தம் எனக்குக் கேட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடாத வழக்கத்தால், சாலையில் இருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

மூன்றரைக்கு ஜீப் கிளம்பும் சத்தம். நான் ஓடினேன். "அண்ணா, நிறுத்துங்க!" என்று கத்தினேன். நானே கத்தினாலும் நிற்கக் கூடாது என்று சொன்னது நான்தான். மனிதர் நிற்கவில்லை. ஒலிப்பான் மட்டும் ஒரு தடவை நீளமாக அடித்தார், கப்பல் மாதிரி.

ஜீப் நின்ற இடத்துக்கு மூச்சிரைக்க வந்தால், அங்கே மாமா தனியாக நிற்கிறார். வேட்டியில் முழங்கால் அளவுக்குச் சேறு. அந்தப் பக்கத்திலிருந்து அத்தையும் வந்து சேர்ந்தார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். பழனி பஸ்ஸில் தொடங்கி, வாழைத்தோட்டம், மாட்டுப் பண்ணை என்று ஒன்றையும் விடவில்லை. "பனியில எங்கியாச்சும் உளுந்துட்டீங்களோன்னு என்ற உசுரு போயி வருது, நீங்க எவன் தோட்டத்துல சேத்த மிதிச்சுட்டு நிக்கறீங்க? உங்களுக்குக் கப்பலுங் கெடையாது, ஒண்ணுங் கெடையாது. தம்பிதான் வருவான்" என்று முடித்தார். மாமா வேட்டிச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளாமை பற்றிப் பேசினால் நிறுத்தாத மனிதர் அப்படித் தலைகுனிந்து நின்றது எனக்குத் தாங்கவில்லை. ஒத்திகை என்று ஆரம்பித்த என் மேல்தான் எரிச்சலாக வந்தது.

கால் மணி கழித்து ஜீப் திரும்பி வந்தது. ஞானராஜ் அண்ணன் இறங்கியதும் நேராக மாமாவிடம் போனார்.

"ஐயா, கால் எப்படி இருக்கு? அடி ஒண்ணும் இல்லையே?"

"என்ன அடி?" என்றார் அத்தை.

"உங்களுக்குச் சொல்லலையாம்மா? ஐயா மூணு மணிக்கே ஏறி உக்காந்துட்டாவ. குளிருதுன்னு படுதாவ எறக்கிவிட்டுப் பின்னால இருந்தாவ. மூணரைக்கு நான் எடுத்தேன். 'அவ இன்னும் வரல, நிறுத்து'ன்னாவ. கப்பல் நிக்காது ஐயான்னேன். பிரேக்குல கால் வைக்கதுக்குள்ள குதிச்சிட்டாவ. எந்திரிச்சு நின்னதப் பாத்துட்டுத்தான் போனேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "இனிமே இந்த வேலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க, அக்கா."

அத்தை குனிந்து மாமாவின் வேட்டியைப் பார்த்தார். முழங்காலில் சிராய்த்திருந்தது. தன் முந்தானையால் சேற்றைத் துடைத்தார். "ஏனுங்க, சொல்றதுக்கு என்னங்க?"

"நீ நிறுத்துனாத்தானே சொல்றதுக்கு" என்றார் மாமா.

திரும்பும் வழியில் பூப்பாறையில் டீக்கு நின்றபோது என் வீட்டுக்காரர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "விதிப்படி பாத்தா அப்பா பெயில்தான். கப்பல் கெளம்பறப்ப உள்ள இல்லையே" என்றார்.

"நானுந்தான் உள்ள இல்ல" என்றார் அத்தை. பிறகு தம்பிக்குப் போன் செய்து, தைக்கக் கொடுத்த பேண்ட்டைத் தீபாவளிக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னார். என் பக்கம் திரும்பி, "கண்ணு, நாங்க ரெண்டு பேரும் தீவுல எறங்கல. கப்பல்லயே உக்காந்துக்கறோம். எறங்குனா இவரு திரும்ப மாட்டாரு. இவரு இல்லாம நானும் ஏற மாட்டேன்" என்றார்.

"அம்மிணி, கப்பல்ல இருந்து பாத்தா மரத்துல காய் தெரியுமா?" என்று மாமா என்னிடம் ரகசியமாகக் கேட்டார். பைனாகுலர் ஒன்று வாங்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று மாதம் கண்விழித்து நான் போட்ட கரையிறங்கும் திட்டத்தில் இப்போது பாதிப்பேர் இறங்கவே போவதில்லை. வருத்தம்தான். ஆனால் வயதானவர்களைக் கப்பலில் கூட்டிப்போகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்கிறேன்: வீட்டில் ஒருவராவது மாமா மாதிரி இருந்தால், காசு கூடினாலும் கப்பல்காரர்களின் சுற்றுலாவிலேயே சேர்த்துவிடுங்கள். அவரவர் போன் அவரவர் சட்டைப்பையில் இருக்கட்டும், பத்திரம் என்று பிடுங்கி வைக்காதீர்கள். வாந்தி மாத்திரையை அலை வருவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஏலத்தோட்டத்துக்குப் போனால் உப்பு கொண்டுபோங்கள். தேடக் கிளம்புவதற்கு முன் வண்டிக்குள் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

மறுநாள் காலை சின்னாறு வழியாகத் திரும்பினோம். பின் சீட்டில் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், மாமாவின் முழங்காலில் அத்தை கட்டிவிட்ட துணி. வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏனுங்க, தீவுல நான் கடைசிப் படகைத் தவறவிட்டு, கப்பல் கிளம்பிடுச்சுன்னா, நீங்க குதிப்பீங்களா?" என்று கேட்டேன்.

இரண்டு வளைவு கடந்தது. மனிதர் ரொம்ப யோசித்துவிட்டு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"கப்பல் எத்தன ஒசரம்?"